விமானக் களம்

ஆந்துவானுக்குத் தமிழ் கொஞ்சம் அதிகமாகவே தெரியும். வந்த வினையெல்லாம் அதனால்தான்.

காரைக்காலில் பிரெஞ்சுத் துரையின் ஆபீசில் அவர் மொழிபெயர்ப்பாளர். துரை பிரெஞ்சில் எழுதிக் கொடுப்பதை ஜனங்களுக்குப் புரியும்படி தமிழில் எழுதித் தண்டோராக்காரரிடம் கொடுக்க வேண்டும். இதில் ‘ஜனங்களுக்குப் புரியும்படி’ என்பதை மட்டும் அவர் கண்டுகொள்வதில்லை. தமிழ் என்றால் சந்தனம் பூசி, மாலை போட்டு, பல்லக்கில் வர வேண்டும் என்பது அவர் கட்சி. ஒரு தடவை, கழுத்துப்பட்டை கட்டாத நாய்களைப் பிடித்துக்கொண்டு போவோம் என்று அறிவிக்கச் சொன்னார்கள். நாய் என்று எழுத அவருக்குக் கை வரவில்லை. ‘ஞமலி’ என்று எழுதினார். அது ஏதோ மயிலோ குயிலோ என்று ஜனங்கள் பேசாமல் இருந்துவிட்டார்கள். நாய் வண்டி வந்த அன்றைக்குத்தான் தெருவே கம்பும் விறகுக்கட்டையுமாகத் திரண்டு வந்தது. அப்போதும் ஆந்துவான் அசையவில்லை. தப்பு ஜனங்களுடையது என்று சொல்லிவிட்டார்.

ஆள் பார்வைக்கும் அவர் தமிழைப் போலத்தான் இருப்பார். வெள்ளைக் கோட்டு, வெள்ளைக் கால்சட்டை, கையில் குடை. சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தாலும் கோட்டைக் கழற்ற மாட்டார். மாதா கோயில் தெருவில் பிறந்து, அங்கேயே படித்து, அங்கேயே மத்லேனைக் கட்டிக்கொண்டவர். சோறு சாப்பிடுவாரே தவிர, நெல் எப்படி அரிசியாகிறது என்று ஒருநாளும் யோசித்தவர் இல்லை. கெட்டவர் என்று யாரும் அவரைச் சொல்ல முடியாது. கொஞ்சம் உயரத்தில் இருந்துவிட்டார், அவ்வளவுதான்.

ஐம்பத்து மூன்றாம் வருஷம் புதுச்சேரியிலிருந்து ஓர் உத்தரவு வந்தது. காரைக்காலைச் சுற்றி நாலு பக்கமும், கடலை விட்டால், இந்திய எல்லை. புதுச்சேரியிலிருந்து ஒரு பிரெஞ்சு அதிகாரி இங்கே வர வேண்டுமென்றால் வழிநெடுக இந்தியச் சுங்கச்சாவடிகள். பெட்டியைத் திற, சீட்டைக் காட்டு, இது என்ன, அது யாருக்கு என்று கேள்விகள். ஒரு பெரிய அதிகாரியின் உள்சட்டைகளைக்கூட உதறிப் பார்த்துவிட்டார்களாம். மனிதர் கொதித்துப் போய்விட்டார். தரையில் வந்தால்தானே பெட்டியைத் திறப்பீர்கள், ஆகாயத்தில் வருகிறேன் பார் என்று, காரைக்காலில் விமானம் இறங்க ஓர் இடம் அமைக்க உத்தரவு போட்டுவிட்டார்.

மேடான இடம் வேண்டும். டெல்டாவில் மேடு எங்கே இருக்கிறது? தேடித் தேடிக் கடைசியில் திருநள்ளாற்றுப் பக்கம் சுரக்குடியில் ஒரு மேட்டுப் புஞ்சை அகப்பட்டது. காரைக்கால் துரை பெர்த்தோ ஓர் அறிவிப்பு எழுதி ஆந்துவானிடம் கொடுத்தார்.

அதில் விமானம் இறங்கும் தரைக்குப் பிரெஞ்சில் ‘ஏர்’ என்று இருந்தது. நம் உழவு ஏர் இல்லை. அவர்கள் பாஷையில் பரந்து கிடக்கும் சமதரை. ஆந்துவான் பாதிரிமார் போட்ட அகராதியைப் புரட்டினார். ‘ஏர்’ என்பதற்கு நேரே ‘களம்’ என்று போட்டிருந்தது. அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. போர்க்களம், ஆடுகளம், களம் கண்ட வீரன்! எவ்வளவு கம்பீரமான சொல். ‘விமானக் களம்’ என்று எழுதி, இரண்டு தரம் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

மத்லேன் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“ஏரோப்ளேன் எறங்குற எடம்னு எழுதிட்டுப் போங்களேன். எல்லாருக்கும் வெளங்கும்.”

“ஏரோப்ளேன்ங்கறது தமிழா, மத்லேன்?”

“தமிழோ என்னமோ. வெளங்கும்ல?”

வாசல் தெளிக்கிறவளும் பேசுகிற தமிழை எழுதுவதற்கா சர்க்கார் சம்பளம் தருகிறது என்று ஆந்துவான் அன்றைக்கு மத்லேனோடு பேசவில்லை.

சுரக்குடியில் தண்டோரா போட்டார்கள். “சகல ஜனங்களுக்கும் அறிவிக்கறது என்னன்னா, சுரக்குடி மேட்டுல நம்ம சர்க்காரு விமானக் களம் போடப்போறாங்கோ.”

உலகச் சண்டைக் காலத்தில் தலைக்கு மேல் பறந்ததைச் சுரக்குடி ஜனங்கள் பார்த்திருக்கிறார்கள். அதற்கு அவர்கள் ஏரோப்ளேன் என்றுதான் பேர் வைத்திருந்தார்கள். விமானம் என்றால் அவர்களுக்குத் தெரிந்தது திருநள்ளாற்றுக் கோயிலில், கருவறைக்கு மேலே கலசத்தோடு நிற்பது. களம் என்றால் நெல் அடிக்கிற இடம். வேறு களம் உண்டென்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை. போர்க்களம் என்றால்கூட வைக்கோல் போர் போட்ட களத்தைத்தான் நினைப்பார்கள். இப்போது விமானத்தையும் களத்தையும் சேர்த்துப் பாருங்கள். கோயில் விமானத்தின் பேரில் சர்க்கார் ஒரு பொதுக் களம் போட்டுக் கொடுக்கிறது! இதில் யாருக்கு என்ன சந்தேகம் வரும்?

அந்த வருஷம் சுரக்குடிக்கு அதைவிடப் பெரிய வரம் எதுவும் வந்திருக்க முடியாது. முந்தின வருஷம் கார்த்திகையில் அடித்த புயலில் ஊர்க் களம் கரைந்து குட்டையாகிவிட்டது. பாதி நெல் வயலிலேயே படுத்துவிட்டது. மீந்ததை அறுத்து அடிக்க ஊரில் காய்ந்த தரை இல்லை. கட்டுக் கட்டாக அடுக்கி வைத்த நெல், கட்டிலேயே முளைத்துப்போயிற்று.

மேட்டுப் புஞ்சைக்கு நடுவில் குஞ்சம்மாவின் நிலம் இருந்தது. அவள் கணவனை இழந்தவள். நாலு மா நஞ்சையும் இந்தப் புஞ்சையும் அவள் சொத்து. நெல் முளைத்துப்போன அந்த வருஷம், வீட்டில் கஞ்சிக்கே வழியில்லாமல் போய், அவள் மகன் பெண்டாட்டி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நாகப்பட்டினத்துக்குக் கூலி வேலைக்குப் போய்விட்டான். “அடுத்த அறுப்பு நெல்லு வீடு வந்து சேந்துச்சுன்னா சொல்லி அனுப்பும்மா, வந்துடறோம்” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். குஞ்சம்மா அந்த வார்த்தையை வைத்துக்கொண்டுதான் நாற்று விட்டாள், நட்டாள், களை பறித்தாள்.

ஆந்துவான் சம்மதம் வாங்கச் சுரக்குடிக்குப் போனபோது, கைம்பெண் ஒருத்தியிடம் நிலத்தைப் பிடுங்கப் போகிறோமே என்று அவருக்கு உள்ளூர உறுத்தலாகத்தான் இருந்தது. குஞ்சம்மாவோ அவரை உட்கார வைத்து மோர் கொடுத்தாள்.

“அந்தக் களம் எங்க ஊருக்கும் உண்டுல்லங்க?”

“எல்லாருக்கும் பொதுதாம்மா.”

“தைக்குள்ள முடிஞ்சிடுமாங்க?”

“முடிஞ்சிடும். தையிலயே எறங்கணும்னு உத்தரவு.”

“மொதல்ல எறங்குறது யாருதுங்க?”

யார் முதலில் நெற்கட்டை இறக்குவது என்று அவள் கேட்டாள். திறப்பு விழாவில் முன்வரிசை யாருக்கு என்று கேட்கிறாளாக்கும் என்று அவர் எடுத்துக்கொண்டார். “ஒங்க நெலம் நட்டநடுவுல இருக்கு. மொதல் மரியாதை ஒங்களுக்குத்தான். நான் வாக்குக் குடுக்கறேன்” என்றார். குஞ்சம்மாவின் கண் கலங்கிவிட்டது.

நஷ்டஈட்டைப் பற்றிப் பேச்செடுத்ததும் அவள் காதைப் பொத்திக்கொண்டாள். “இந்தக் காரியத்துக்குக் காசு வாங்குனா என் குடும்பம் வெளங்குமாங்க? வேண்டாங்க.”

ஆந்துவான் அவளைக் கைகூப்பிக் கும்பிட்டார். பிரான்சு தேசத்தின் மேல் ஓர் ஏழைக் கைம்பெண்ணுக்கு இவ்வளவு பற்றா! ஊருக்குத் திரும்பி இதைத் துரையிடம் சொன்னார். பெர்த்தோ துரை புதுச்சேரிக்கு எழுதினார். முதல் விமானத்தில் வரும் பெரிய அதிகாரி தம் கையாலேயே குஞ்சம்மாவுக்கு ஒரு பதக்கம் குத்துவார் என்று பதில் வந்தது. இப்படியாக ஆளுக்கொன்றை நினைத்துக்கொண்டு எல்லாரும் சந்தோஷமாக இருந்தார்கள்.

மழை விட்டதும் வேலை மளமளவென்று நடந்தது. சரளை கொட்டி, செம்மண் போட்டு, ரோலர் இழுத்து, ஒரு முனையிலிருந்து மறு முனைக்குக் கண் எட்டாத அளவுக்குத் தரை பாறையாய்க் கெட்டித்தது. ஊரே வந்து பார்த்தது. களம் என்றால் அல்லவா களம்! மார்கழி முடியும் தறுவாயில் ஊர்ப் பெண்கள் குடம் குடமாகச் சாணியைக் கரைத்துக் கொண்டுவந்து தரை முழுக்க மெழுகிவிட்டுப் போனார்கள். புதுச்சேரியிலிருந்து வந்திருந்த வெள்ளைக்கார என்ஜினீயர் மூக்கைப் பொத்திக்கொண்டு, “இது எதற்கு?” என்று கேட்டார். ஆந்துவானுக்கும் தெரியாது. தெரியாது என்று சொல்லும் பழக்கமும் அவருக்கில்லை. “மரியாதை, முசியே” என்றார். என்ஜினீயர் அதைக் குறித்துக்கொண்டார்.

அதோடு விட்டார்களா? விமானிக்குக் காற்றின் திசை தெரிய, ஒரு கம்பத்தின் உச்சியில் நீளத் துணிக்குழாய் ஒன்றைக் கட்டினார்கள். பிரெஞ்சில் அதற்குக் காற்றின் சட்டைக்கை என்று பேர். அது உப்பி ஆடுவதைப் பார்த்து உத்திராபதி படையாச்சி அசந்துபோய்விட்டார். குஞ்சம்மாவுக்குப் பக்கத்து வயல்காரர் அவர்.

“பாத்தியா குஞ்சம்மா? தூத்தறப்ப காத்து எந்தப் பக்கம்னு நாம மண்ண அள்ளித் தூவிப் பாப்போம். சர்க்காரு அதுக்கும் ஒரு வழி பண்ணிட்டான்.”

அதற்குத் துரை சட்டைக்கை என்று ஊரில் பேர் நிலைத்துவிட்டது.

என்ஜினீயர் போகும்போது ஆந்துவானிடம் ஒன்று சொல்லிவிட்டுப் போனார். என்றைக்காவது பாதை காலியாக இல்லையென்றால், வெள்ளைத் துணியைச் சிலுவை போலத் தரையில் விரித்துவிட வேண்டும். விமானி மேலிருந்து அதைப் பார்த்தால் இறங்காமல் திரும்பிவிடுவார். அதற்கெல்லாம் வேலை இருக்காது என்று ஆந்துவான் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டார்.

தை பிறந்தது. பொங்கல் முடிந்து விமானம் வருவதாக நாள் குறித்தார்கள். அதற்கு முன்னால் இரண்டு நாள் காலம் தப்பி ஒரு மழை பிடித்துக்கொண்டது.

அன்று காலை ஆந்துவான் முன்னதாகவே புறப்பட்டார். துரை, மேளதாளத்தோடு பின்னால் வருவதாக ஏற்பாடு. வண்டியில் அவரோடு மாலைக் கூடையும், பெரிய அதிகாரி நடந்து வருவதற்குத் தரையில் விரிக்கும் நடைபாவாடைத் துணியும் இருந்தன. சலவைக்காரர் பஞ்சநாதன் வெளுத்துக் கொடுத்த துணி, பாலாய் இருந்தது. கூட இரண்டு சிப்பாய்கள். வழியெல்லாம் அவர், துரையின் வரவேற்புரையைத் தமிழில் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். மேடு கண்ணில் பட்டதும் உரை அடுத்த வரிக்குப் போகவில்லை.

மேடு முழுக்க நெற்கட்டு. ஊரில் அறுத்ததெல்லாம் அங்கேதான் இருந்தது. ஒரு பக்கம் பெண்கள் கட்டைப் பிரித்து உலர்த்திக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் ஆண்கள் தாளடித்துக்கொண்டிருந்தார்கள். நட்டநடுவில் மாடுகள் ஒன்றோடொன்று பிணைத்தபடி வைக்கோலைச் சுற்றிச் சுற்றி மிதித்துக்கொண்டிருந்தன. துரை சட்டைக்கைக்குக் கீழே உத்திராபதி முறத்தை உயர்த்திக் காற்றில் நெல்லைத் தூற்றினார்.

குஞ்சம்மா முகமெல்லாம் சிரிப்பாக எதிரே வந்தாள். தலையில் முண்டாசு, புடவையெல்லாம் நெல் சுணை.

“வாங்க ஐயா. நீங்க சொன்னபடியே மொதக் கட்டு என்னுதுதான் எறங்குச்சு. எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க.”

“என்னம்மா இது? இன்னும் செத்த நேரத்துல விமானம் வந்துடும்!”

குஞ்சம்மா வடக்கே திருநள்ளாற்றுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அங்கே கோயில் இருக்கிற இடத்திலேயே இருந்தது.

“விமானம் எப்படிங்க வரும்? அது கோயில் மேலல்ல இருக்கு?”

ஆந்துவானும் கோயில் பக்கம் திரும்பிப் பார்த்தார். விமானம். களம். மோர். தைக்குள்ளே. மெழுகின சாணி. கடைசியாக அந்தக் காதைப் பொத்தின கை. எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக வந்து அவர் மண்டையில் இறங்கின. கம்பீரமாக இருக்கிறதே என்று தேர்ந்தெடுத்த இரண்டு சொற்களை வைத்து, ஓர் ஊரையே அவர் ஏமாற்றியிருக்கிறார். ஏமாற்றுகிறோம் என்று தெரியாமலே ஏமாற்றியிருக்கிறார்.

“ஏரோப்ளேன்” என்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வந்தது. “ஏரோப்ளேனைத்தாம்மா நான் விமானம்னு எழுதினேன். அது வந்து எறங்குறதுக்குத்தான் இந்தத் தரை.”

தாளடித்தவர்களின் கை நின்றது. குஞ்சம்மா காலடித் தரையைப் பார்த்தாள்.

“அப்ப இது களம் இல்லியாங்க?”

இல்லை என்று அவர் தலையை ஆட்டினார்.

“சாமிக்கின்னுல்ல குடுத்தேன்” என்றாள். குரலை உயர்த்தவில்லை. “போவுது. குடுத்தது குடுத்ததுதான். இந்த நெல்லு மட்டும் வீடு சேந்துடட்டுங்க. மகன் பொண்டாட்டி புள்ளையோட காத்துக்கிட்டு இருக்கான்.”

கீழே வயலில் இன்னும் கணுக்கால் சேறு. ஊர்க் களத்தில் தண்ணீர் நின்றது. வடகிழக்கில் மேகம் வேறு கூடிக்கொண்டிருந்தது. இந்த மேட்டை விட்டால் ஒரு நெற்கட்டை வைக்க ஊரில் ஈரமில்லாத இடம் கிடையாது.

மூத்த சிப்பாய் பக்கத்தில் வந்தான். “ஒரு வார்த்தை சொல்லுங்க முசியே. தொரை வர்றதுக்குள்ள எல்லாத்தையும் கீழ தள்ளிடறோம்.” சொல்லிக்கொண்டே ஒரு கட்டைத் தூக்கியும்விட்டான். அது குஞ்சம்மாவின் கட்டு. அவள் தடுக்கவில்லை. ஆந்துவானை மட்டும் பார்த்தாள். வாக்குக் கொடுத்த மனிதர் என்ன செய்கிறார் என்று பார்க்கிற பார்வை அது.

ஆந்துவான் பயந்த மனிதர். வேலை போய்விடுமோ என்று பயம், துரை முகம் சுளிப்பாரோ என்று பயம். அந்தப் பயத்தோடுதான் சொன்னார்.

“கீழ வையி அத.”

“முசியே...”

“வையின்னேன்ல. வண்டியில இருக்குற வெள்ளைத் துணிய எடுத்துக்கிட்டு வா.”

நடைபாவாடையை இரண்டாகக் கிழித்தார்கள். உத்திராபதி ஒரு முனையைப் பிடிக்க, ஆந்துவான் மறு முனையைப் பிடித்துக்கொண்டு வைக்கோலில் இடறி இடறி ஓடினார். நெற்கட்டுகளுக்கு மேலாகவே குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று விரித்தார்கள். அடித்த காற்றில் துணி பறக்கப் பார்த்தது. பெண்கள் ஓடிவந்து ஆளுக்கொரு ஓரத்தில் உட்கார்ந்துகொண்டார்கள். குஞ்சம்மா நடுவில் உட்கார்ந்தாள். வேடிக்கைதான், ஆனால் யாரும் சிரிக்கவில்லை.

கிழக்கே முனகல் கேட்டது. பிறகு வெள்ளையாய் ஒரு புள்ளி. விமானம் கடல் பக்கமிருந்து தாழ்ந்து வந்தது. மேலிருந்து பார்க்கிறவருக்கு வைக்கோல் பரப்பின தரை காய்ந்த புல்தரை மாதிரிதான் இருக்கும். மாடுகள் மிரண்டு கயிற்றை இழுத்தன. ஆந்துவான் சிலுவைக்குப் பக்கத்தில் நின்று குடையை விரித்து ஆட்டினார். வாயில் ‘அருள் நிறைந்த மரியே’ ஜெபம் ஓடிக்கொண்டிருந்தது. சக்கரம் தெரிந்தது. சன்னலில் ஒரு முகம்கூடத் தெரிந்தது. அப்புறம் விமானம் உறுமிக்கொண்டு மேலே எழுந்தது. மேட்டை ஒரு சுற்று சுற்றியது, இன்னொரு சுற்று சுற்றியது, வடக்கே திரும்பிப் போய்விட்டது. குஞ்சம்மாவுக்கு என்று கொண்டுவந்த பதக்கமும் அதிலேயே திரும்பிப் போனது. அப்படி ஒன்று வந்தது என்பதே அவளுக்குத் தெரியாது.

பெர்த்தோ துரையின் கார் வந்து நின்றபோது விமானத்தின் சத்தம் தேய்ந்துகொண்டிருந்தது. துரை செக்கச் சிவந்திருந்தார். தூரத்தில் வந்துகொண்டிருந்த மேளம் பாதியில் நின்றது.

“என்ன இது?” என்று பிரெஞ்சில் கேட்டார்.

“ஏர், முசியே” என்றார் ஆந்துவான்.

“ஏர் என்று எனக்குத் தெரியாதா? நான்தானே எழுதினேன்.”

“நீங்கள் ஏர் என்று எழுதினீர்கள். அகராதியில் களம் என்று இருந்தது, எழுதினேன். இவர்களுக்குக் களம் என்றால் இதுதான், முசியே. ஊரே நம்பி அறுத்துக்கொண்டு வந்திருக்கிறது. கீழே இறக்கினால் எல்லாம் முளைத்துவிடும். போன வருஷம் முளைத்துவிட்டது.”

துரை ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவர் கண் மிதிமாடுகள் மேல் போயிற்று. மாடுகள் மறுபடி சுற்ற ஆரம்பித்திருந்தன. காலடியில் நெல் உதிரும் சத்தம் கேட்டது. குனிந்து ஒரு கதிரை எடுத்து உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து ஊதினார். பதர் பறந்து மணி நின்றது. அவர் தேய்த்த விதத்தைப் பார்த்து உத்திராபதி, “இவரு வயக்காட்டு ஆளாட்டம்ல இருக்காரு” என்று குஞ்சம்மாவிடம் முணுமுணுத்தார்.

“எங்கள் ஊரில்” என்றார் துரை, மெதுவாக, “ஏர் என்றால் கோதுமை அடிக்கிற தரை. விமானம் எல்லாம் வருவதற்கு முன்னால் எங்களுக்கும் அது ஒன்றுதான். என் அப்பா வீட்டுக்குப் பின்னால் இருந்தது.” கையிலிருந்த மணிகளை அவர் கீழே போடவில்லை. கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். “புதுச்சேரிக்கு நான் என்ன எழுதட்டும்?”

ஆந்துவான், நாய் வண்டி வந்த அன்றைக்குக்கூடச் சொல்லாததை இப்போது சொன்னார்.

“மொழிபெயர்ப்பில் தப்பு என்று எழுதுங்கள். தப்பு என்னுடையது.”

அப்படித்தான் எழுதினார்கள். அறுப்பு முடிகிற வரைக்கும் மேட்டைத் தொடக் கூடாது என்று துரை உத்தரவு போட்டார். அது அவரால் முடிந்தது. ஆந்துவானைக் காப்பாற்ற அவரால் முடியவில்லை. மொழிபெயர்ப்பு மேசை வேறொருவருக்குப் போயிற்று. ஆந்துவானைத் திருநள்ளாற்றில் பிறப்பு இறப்புப் பதிகிற இடத்துக்கு மாற்றினார்கள். பிறந்தான், இறந்தான் என்பதற்கு மேல் அங்கே தமிழுக்கு வேலை இல்லை. மத்லேன் அன்றைக்கு அவருக்குப் பிடித்த மீன் குழம்பு வைத்தாள். சாப்பிடும்போது அவரே, “நீ சொன்ன மாதிரியே எழுதியிருக்கலாம்” என்றார். “அதுக்கென்ன இப்ப, குழம்பு ஊத்திக்குங்க” என்றாள் அவள்.

விமானம் மறுபடி வரவில்லை. அறுப்பு முடிந்து கோடை வந்தபோது பிரெஞ்சுக்காரர்களுக்கு விமானத்தை விடப் பெரிய தலைவலிகள் வந்துவிட்டன. ஐப்பசியில் கொடி மாறியது. பெர்த்தோ துரை கப்பலேறினார். காரைக்கால் இந்தியாவோடு சேர்ந்தது. சுங்கச்சாவடிகளும் போயின, யாருடைய உள்சட்டையையும் யாரும் உதறிப் பார்க்க வேண்டியதில்லை.

ஆனால் சுரக்குடி மேடு யாருடையது? குஞ்சம்மாவை அந்தக் கேள்வி விடவில்லை. கைநாட்டு வைத்துச் சர்க்காருக்குக் கொடுத்தாயிற்று. பழைய சர்க்காருடையதெல்லாம் புது சர்க்காருக்கு என்கிறார்கள். புது சர்க்கார் அங்கே வேலி போட்டால் அடுத்த மழைக்கு நெல்லை எங்கே கொண்டுபோவது? மகன் இப்போதுதான் குடும்பத்தோடு திரும்பி வந்து, வீட்டுக்குக் கீற்று மாற்றியிருந்தான்.

அடுத்த தையில், நெல் களத்தில் இருக்கும்போதே, நில அளவைக்காரர் ஒருவர் சங்கிலியும் வரைபடமுமாக வந்து இறங்கினார். மதராஸ் பக்கத்து மனிதர். வரைபடத்தில் எல்லாம் பிரெஞ்சில் எழுதியிருந்தது. “யாருக்காவது இது படிக்கத் தெரியுமாய்யா?” என்று கேட்டார். உத்திராபதி திருநள்ளாற்றுக்கு ஓடி ஆந்துவானைக் கையோடு கூட்டிவந்தார்.

ஆந்துவான் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரைபடத்தைப் பார்த்தார். விமானம் இறங்கும் ‘ஏர்’ என்ற அதே சொற்கள். ஒரு வருஷமாக அவர் தூக்கத்தைக் கெடுத்த சொற்கள்.

“இது என்ன சார் போட்டிருக்கு?” என்றார் அளவைக்காரர்.

குஞ்சம்மா, அவள் மகன், உத்திராபதி எல்லாரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு காலத்தில் இந்த இடத்துக்கு அவர் எத்தனை சொல் தேடியிருப்பார்!

“களம்” என்றார். “நெல்லடிக்கிற களம்.”

“பக்கத்துல இன்னொரு வார்த்தை இருக்கே?”

“எறக்குற எடம்னு அர்த்தம். கட்டு எறக்குற எடம். ஊருக்குப் பொது.”

அளவைக்காரர் தரையைப் பார்த்தார். கட்டு இறங்கிக்கொண்டுதான் இருந்தது. ‘ஊர்ப் பொதுக் களம்’ என்று எழுதிக்கொண்டார். அப்புறம் கம்பத்து உச்சியைக் காட்டி, “அது என்னம்மா?” என்றார் குஞ்சம்மாவிடம்.

“தொரை சட்டக்கைங்க. தூத்தறதுக்குக் காத்து பாக்குறது.”

“ஏதோ ஏரோப்ளேன் வந்துச்சுன்னு ஊருக்குள்ள சொன்னாங்களே?”

“ஒரு தடவ வந்துச்சுங்க” என்றாள் குஞ்சம்மா. “களத்துல நெல்லு கெடந்துச்சு. பாத்துட்டுத் திரும்பிப் போயிடுச்சு.”

அளவைக்காரர் போன பிறகு, தூற்றிக் குவித்த பொலியை அளந்தார்கள். மகன் மரக்காலை நிரப்பி, ஒன்று என்று சொல்லாமல் வழக்கப்படி ‘லாபம்’ என்று தொடங்கினான். முதலில் சாமிக்கு எடுத்து வைத்தார்கள். தச்சருக்கு, கொல்லருக்கு, சலவைக்காரருக்கு என்று களத்தில் உரிமை உள்ளவர்களுக்கெல்லாம் வரிசையாகப் பங்கு போயிற்று. ஆந்துவான் குடையை எடுத்துக்கொண்டு புறப்படப் பார்த்தார்.

“எங்க போறீங்க? நில்லுங்க” என்றாள் குஞ்சம்மா. மகனைப் பார்த்துச் சொன்னாள்: “களம் போட்டுக் குடுத்தவரு பங்கு. கோபுரமா அள்ளுடா.”

மற்றவர்கள் துண்டை விரித்து வாங்கினார்கள். ஆந்துவானிடம் துண்டு இல்லை. அவர் கோட்டைக் கழற்றி இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தார். நெல் கொஞ்சம் வெதுவெதுப்பாக இருந்தது.